காத்திருக்க வேண்டியதை முதலில் தொடங்குங்கள்: வீட்டிலேயே செய்யும் கிறிஸ்துமஸுக்கு ஒரு வழிகாட்டி

கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களையும் தின்பண்டங்களையும் வீட்டிலேயே செய்துவிட வேண்டும் என்று முதன்முறையாக முடிவெடுக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றன. டிசம்பர் 23 மாலையில் மேசை முழுவதும் மாவையும் வண்ணத்தாளையும் பரப்பிக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குகிறார்கள். நள்ளிரவில் கேக் இன்னும் ஓவனுக்குள் இருக்கும். பொம்மைகளில் பூசிய வண்ணம் கையில் ஒட்டும். குழந்தைகள் அழுதபடியே தூங்கிப்போயிருப்பார்கள். எங்கள் வீட்டின் முதல் முயற்சியும் அப்படித்தான் முடிந்தது. இந்த வேலைகளில் நம் கைகள் உழைக்கும் நேரம் குறைவு என்பதும், பொருள்கள் தாமாக ஊறவும் காயவும் இறுகவும் எடுத்துக்கொள்ளும் நேரமே அதிகம் என்பதும் அதன் பிறகுதான் எங்களுக்குப் புரிந்தன. ஆகவே எது கடினம், எது எளிது என்று பார்த்து வரிசைப்படுத்தாமல், எதற்கு அதிகம் காத்திருக்க வேண்டும் என்று பார்த்து வரிசைப்படுத்துவதே இந்த வழிகாட்டியின் முறை.

கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம், அதற்கு முந்தைய நான்காவது ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது. அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே ஏதாவது ஒரு நாளில் வரும். சமய நம்பிக்கை உள்ளவர்களுக்கு அதன் பொருள் வேறு. ஆனால் வேலையைத் திட்டமிடுபவருக்கும் அந்த ஞாயிறு மிகப் பொருத்தமான தொடக்க நாள். அன்றே ஒரு நாள்காட்டியை எடுத்துப் பின்வரும் வேலைகளுக்கான நாள்களைக் குறித்துவிடுங்கள். பரிசு மாற்றிக்கொள்வதற்காகப் பெயர்ச்சீட்டு எடுப்பதையும் அன்றே முடித்துவிட்டால், ஒவ்வொருவருக்கும் தமக்கு வாய்த்தவருக்காக ஒரு பொருளைக் கையால் செய்ய மூன்று முதல் நான்கு வாரம் கிடைக்கும்.

நான்கு வாரங்களுக்கு முன்: பழக் கேக்

முதலில் தொடங்க வேண்டியது கேக். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட டின் ஒன்றுக்கு, உலர்ந்த பழங்கள் எல்லாம் சேர்த்து 800 கிராம் தேவைப்படும். கறுப்பு உலர் திராட்சை, வெளிர் உலர் திராட்சை, பேரீச்சை, அத்தி, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், செர்ரி ஆகியவற்றில் கிடைப்பவற்றைக் கலந்துகொள்ளலாம். பெரிய பழங்களைத் திராட்சை அளவுக்கு நறுக்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் கேக்கை வெட்டும்போது கத்தி பழத்தை இழுத்துக்கொண்டு போய்த் துண்டைச் சிதைத்துவிடும். மது சேர்ப்பதில் தடையில்லாதவர்கள் பழங்களை ரம்மிலோ பிராந்தியிலோ நனைத்து, மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் பல நாள்கள் ஊறவைக்கலாம். மது வேண்டாம் என்பவர்கள் ஆரஞ்சுச் சாற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் சாற்றில் ஊறிய பழம் எளிதில் புளித்துவிடும் என்பதால், ஓர் இரவு மட்டும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாளே கேக் செய்துவிட வேண்டும். அவர்கள் இந்த வேலையை நான்கு வாரத்துக்கு முன் தொடங்கவும் கூடாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது செய்து, குளிரிலேயே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

மாவுக் கலவைக்கு 225 கிராம் வெண்ணெய், 225 கிராம் பழுப்புச் சர்க்கரை, 4 முட்டை, 225 கிராம் மைதா மாவு, ஒரு தேக்கரண்டி மசாலாத் தூள் ஆகியவை போதும். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் ஆகிய மூன்றும் அந்தத் தூளில் இருக்க வேண்டும். அவற்றில் பட்டையே மேலோங்கியிருக்கட்டும். வெண்ணெயையும் முட்டையையும் செய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். இந்த ஒரு குறிப்பைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். குளிர்ந்த முட்டையை வெண்ணெயில் ஊற்றினால் கொழுப்பு இறுகி, கலவை திரிந்த பால் போலாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம். அளந்து வைத்த மாவிலிருந்தே ஒரு கரண்டி எடுத்துச் சேர்த்துக் கலக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

வெண்ணெயும் சர்க்கரையும் நிறம் வெளுத்துப் பொங்கும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மாவையும் மசாலாவையும் சலித்துப் போட்டு மென்மையாகக் கலந்து, கடைசியில் ஊறிய பழங்களைச் சேருங்கள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் ஒழுகாமல், தயங்கித் தயங்கி விழும் பதமே சரியான பதம். பழங்கள் அடியில் தங்கிவிடுவதற்குக் கலவை நீர்த்திருப்பதே முக்கியக் காரணம். ஆகவே ஊறிய பழத்தில் திரவம் மிஞ்சியிருந்தால் வடித்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

டின்னின் உட்புறம் இரண்டு அடுக்குப் பட்டர் பேப்பர் விரித்து, 150 பாகை செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வேகவிட வேண்டும். ஓவனுக்கு ஓவன் சூடு மாறும் என்பதால் இரண்டே முக்கால் மணி நேரத்திலிருந்தே கேக்கின் நடுவில் ஒரு மெல்லிய குச்சியைக் குத்திப் பார்க்கத் தொடங்கலாம். குச்சியில் ஈர மாவு ஒட்டாமல் வந்தால் கேக் வெந்துவிட்டது. மேற்புறம் சீக்கிரமே கருக்கத் தொடங்கினால் ஒரு பட்டர் பேப்பரைத் தளர்வாக மேலே போட்டுவிடுங்கள். வெந்ததும் டின்னிலேயே முழுமையாக ஆறவிட்டு, பட்டர் பேப்பரிலும் அதன் மேல் அலுமினியத் தாளிலும் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மது சேர்த்துச் செய்தவர்கள் வாரம் ஒருமுறை பிரித்து, குச்சியால் சில துளைகளிட்டு, இரண்டு தேக்கரண்டி ரம்மோ பிராந்தியோ ஊற்றி மீண்டும் சுற்றலாம். அதற்கு மேல் ஊற்றினால் கேக் சொதசொதத்துவிடும்.

இரண்டு வாரங்களுக்கு முன்: உப்பு மாவு அலங்காரங்கள்

உண்பதற்கல்லாமல் உருவங்கள் செய்வதற்காகவே பிசையும் மாவு இது. இரண்டு கோப்பை மைதாவுக்கு ஒரு கோப்பை தூளுப்பு, முக்கால் முதல் ஒரு கோப்பை வரை தண்ணீர் என்பது கணக்கு. தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பத்து நிமிடம் விடாமல் பிசைந்தால், முதலில் நறநறவென்றிருந்த மாவு வழவழப்பாக மாறும். ஒட்டினால் மாவும், வெடித்தால் சில துளி நீரும் சேர்க்கலாம். பேக்கிங் பவுடர் கலந்து விற்கும் மாவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. நீங்கள் வெட்டிய நட்சத்திரம் சூட்டில் உப்பி உருண்டையாகிவிடும்.

மாவை 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, குக்கீ அச்சினாலோ தம்ளர் விளிம்பினாலோ வெட்டிக்கொள்ளுங்கள். நூல் கோப்பதற்கான துளையை மாவு ஈரமாக இருக்கும்போதே ஒரு ஸ்ட்ராவால் அழுத்தி எடுத்துவிட வேண்டும். அந்தத் துளை விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். அவர்களுடைய உள்ளங்கையை மாவில் பதியவைத்து, பின்புறம் ஆண்டைக் கீறி வைத்தால், கடையில் எங்கும் கிடைக்காத ஓர் அலங்காரம் உங்கள் வீட்டில் இருக்கும்.

உலர்த்துவதில்தான் பொறுமை வேண்டும். ஓவனை 100 முதல் 120 பாகைக்குள் வைத்து, இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு உலர்த்துங்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மேற்பரப்பு முதலில் இறுகி, உள்ளே சிக்கிய நீராவி குமிழ்களை எழுப்பும். ஓவன் இல்லாதவர்கள் காற்றோட்டமான இடத்தில் பல நாள்கள் வைத்துத் தினமும் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்கச் சொல்வதற்கு இதுவே காரணம். முழுமையாக ஆறிய பிறகு அக்ரிலிக் வண்ணம் பூசி, அது காய்ந்ததும் முன்புறம், பின்புறம், விளிம்பு, துளையின் உட்புறம் என எல்லா இடத்திலும் வார்னிஷ் அடியுங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. முதல் ஆண்டில் முன்புறம் மட்டும் வார்னிஷ் அடித்த எங்கள் நட்சத்திரங்கள், ஈரக்காற்று வீசிய சில நாள்களில் நமத்துப்போய், நூலிலிருந்து ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தன.

வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் இவற்றை அதற்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும். இதிலுள்ள உப்பின் அளவு நாய்க்கு நஞ்சாகும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

இதே வாரத்தில், வேறொரு நாள், ஆரஞ்சுப் பழத்தை 5 மில்லிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, 100 பாகையில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்தி வைக்கலாம். விளக்கின் முன் தொங்கவிட்டால் வண்ணக் கண்ணாடி போல ஒளிரும்.

எந்த மாலையிலும் செய்யக்கூடியவை: காகித வேலைகள்

காகிதம் நம்மைக் காக்கவைப்பதில்லை. ஆகவே கேக் வேகும் மூன்று மணி நேரத்தை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பனித்துகளிலிருந்து தொடங்குவோம். விற்பனைக்கு வரும் அலங்காரங்களில் எட்டு முனையுள்ள பனித்துகள்கள் நிறையக் காணப்படுகின்றன. அப்படியொன்று இயற்கையில் இல்லை. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண அமைப்பில் அடுக்கிக்கொள்வதால், பனிப்படிகத்தின் கிளைகளும் ஆறாகவே விரிகின்றன. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885-இல் நுண்ணோக்கியுடன் கேமராவைப் பொருத்தி ஒற்றைப் பனிப்படிகத்தைப் படமெடுத்தார். அவர் எடுத்த படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டுக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தால், அவர்கள் வெட்டும் வெட்டில் ஒரு கவனம் வந்துவிடும்.

மெல்லிய சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். அதன் நீளமான பக்கத்தின் நடுப்புள்ளியே பனித்துகளின் மையம் என்பதால், அங்கே ஒரு சிறு அடையாளம் வையுங்கள். அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள 180 பாகைக் கோணத்தை மூன்று சம பங்காக்க வேண்டும். அதாவது வலது பக்கத்தை 60 பாகை இடப்புறமாகவும், இடது பக்கத்தை அதன் மேல் வலப்புறமாகவும் மடிக்க வேண்டும். விளிம்புகள் சரியாக ஒன்றின் மேல் ஒன்று படியும்வரை நகர்த்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகே மடிப்பை அழுத்துங்கள். இப்போது கிடைத்த கூம்பை நடுவில் ஒருமுறை மடித்தால் பன்னிரண்டு அடுக்குகள் கொண்ட மெல்லிய ஆப்பு கிடைக்கும். மேலே துருத்தி நிற்கும் வால்களைச் சாய்வாக வெட்டி எறிந்துவிட்டு, இரு பக்க விளிம்புகளிலிருந்தும் முக்கோணங்களையும் பிறைகளையும் வெட்டிக்கொண்டே போகலாம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை முழுமையாக வெட்டிவிடக் கூடாது என்பது ஒன்றே விதி. பிரித்தபின் ஒரு துணியை மேலே போட்டு இஸ்திரி போட்டால் மடிப்புச் சுருக்கம் போய்விடும்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் இரண்டு வண்ணத் தாள்களைப் பின்னி இதய வடிவப் பையாகச் செய்யும் டென்மார்க்கின் பின்னல் இதயத்தை முயன்று பார்க்கலாம். இன்றுவரை எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையதாக அறியப்படும் இதயத்தை எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860-இல் செய்தார். சிவப்பும் வெள்ளையுமாக 6 சென்டிமீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரண்டு தாள்களை எடுத்து, நீளம் பாதியாகும்படி மடியுங்கள். மடிப்புக்கு எதிரிலுள்ள திறந்த முனைகளை அரைவட்டமாக வெட்டுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து ஆறரை சென்டிமீட்டர் நீளத்துக்கு, 2 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கீறல்கள் போட்டால், ஒவ்வொரு தாளிலும் மூன்று பட்டைகள் கிடைக்கும். இரண்டையும் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, சிவப்பின் முதல் பட்டையை வெள்ளையின் முதல் பட்டைக்கு உள்ளே நுழையுங்கள்; வெள்ளையின் இரண்டாம் பட்டையைச் சிவப்புக்கு உள்ளே விடுங்கள்; மூன்றாவதில் மறுபடி சிவப்பு உள்ளே போகும். அடுத்த சிவப்புப் பட்டைக்கு இந்த வரிசை தலைகீழ். மூன்றாவது பட்டைக்கு முதல் பட்டையின் வரிசையே. சாதாரணப் பாய்ப் பின்னல்போல மேலும் கீழுமாகப் பின்னினால் இதயம் ஒட்டிக்கொள்ளும். ஒன்றின் வயிற்றுக்குள் மற்றொன்று நுழைந்தால் மட்டுமே பை போலத் திறக்கும். ஒரு பிடியை ஒட்டித் தொங்கவிட்டு, அதற்குள் மிட்டாய் போட்டு வைக்கலாம்.

காகித விளக்கு செய்பவர்கள் உள்ளே சிறிய எல்.இ.டி. விளக்கை மட்டும் பயன்படுத்துங்கள். மெழுகுவத்தி வேண்டாம்.

கடைசி வாரம்: இஞ்சிக் குக்கீகள்

350 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, இரண்டு தேக்கரண்டி சுக்குத் தூள், ஒரு தேக்கரண்டி பட்டைத் தூள் ஆகியவற்றைச் சலித்து, 125 கிராம் குளிர்ந்த வெண்ணெயை அதில் விட்டு விரல் நுனிகளால் உதிர்த்துவிடுங்கள். 175 கிராம் பழுப்புச் சர்க்கரையைக் கலந்து, ஒரு முட்டையையும் நான்கு மேசைக்கரண்டி தேனையும் அடித்து ஊற்றி, உருண்டு வரும்வரை மட்டும் சேர்த்துப் பிடியுங்கள். அதிகம் பிசைந்தால் குக்கீ கடினமாகும். இந்த மாவைக் குறைந்தது ஒரு மணி நேரமாவது, முடிந்தால் ஓர் இரவு, குளிரில் வைக்க வேண்டும். குளிர்ந்த மாவு தேய்க்கும்போது ஒட்டாது; ஓவனுக்குள் வெண்ணெய் மெதுவாக உருகுவதால் வெட்டிய வடிவமும் கலையாது. 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, வெட்டி, 180 பாகையில் பன்னிரண்டு நிமிடம் வேகவிடுங்கள். வெளியே எடுக்கும்போது அழுத்தினால் குழியும். இன்னும் வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப உள்ளே தள்ளிவிடாதீர்கள். ஆறியதும் தானாக மொறுமொறுப்பாகும்.

மேலே வரைவதற்கு 200 கிராம் ஐசிங் சர்க்கரையுடன் இரண்டு மேசைக்கரண்டி பாலோ எலுமிச்சைச் சாறோ குழைத்தால் போதும். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு சேர்ந்த ஐசிங் நன்றாக இறுகும் என்றாலும், சிறு குழந்தைகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் வீட்டில் அதைத் தவிர்ப்பதே முறை. பாஸ்டரைஸ் செய்த, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கிய, வெள்ளைக்கருத் தூள் கிடைத்தால் அதைப் பயன்படுத்தலாம். இஞ்சிக் குக்கீயில் வீடு கட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் ஆண்டில் வேண்டாம் என்பதே என் கருத்து. சுவர்கள் சரியும்போது பெரியவர்கள் பொறுமை இழக்கிறார்கள். அதன் பிறகு குழந்தைகள் ஐசிங்கைத் தொடவே அஞ்சுகிறார்கள். குக்கீ ஒன்றை வீட்டின் வடிவில் தட்டையாக வெட்டி, அதில் கதவும் சன்னலும் வரையச் சொல்லுங்கள்.

அன்றைய நாளுக்கு: விளையாட்டுகள்

விளையாட்டுகளுக்கு முன்தயாரிப்பு மிகக் குறைவு. ஒரு தட்டில் இருபது சிறு பொருள்களைப் பரப்பி, ஒரு நிமிடம் காட்டித் துணியால் மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொல்லலாம். நான்கு வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் சேர்ந்து ஆட வேண்டுமானால், ஒரே ஒரு பொருளை மறைத்துவிட்டு எது காணாமல் போனது என்று கேட்பதே நல்லது.

எல்லாவற்றிலும் எங்கள் வீட்டில் அதிகச் சிரிப்பை வரவழைப்பது ஜெர்மானியக் குழந்தைகள் ஆடும் சாக்லேட் விளையாட்டு. ஒரு சாக்லேட் பட்டையைப் பல அடுக்குத் தாளில் சுற்றி, ஒவ்வோர் அடுக்கையும் நூலால் கட்டி நடுவில் வைத்துவிட்டு, அதன் அருகே ஒரு தொப்பி, கழுத்துத் துணி, தடித்த கையுறைகள், முனை மழுங்கிய கத்தி, முள்கரண்டி ஆகியவற்றை வையுங்கள். வட்டமாக உட்கார்ந்து பகடையை உருட்ட வேண்டும். ஆறு விழுந்தவர் எல்லாவற்றையும் அணிந்துகொண்டு, கத்தியாலும் முள்கரண்டியாலும் மட்டுமே தாளைப் பிரித்துச் சாக்லேட்டைத் தின்னத் தொடங்கலாம். வேறொருவருக்கு ஆறு விழுந்த அந்த நொடியிலேயே எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் கையுறையின் இரண்டாவது கையை மாட்டுவதற்குள் அடுத்தவருக்கு ஆறு விழுந்துவிடும். ஆறு பேருக்கு மேல் இருந்தால் இரண்டு வட்டங்களாகப் பிரிந்து ஆடுங்கள். முறைவர நேரமானால் சிறியவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

ஜனவரி 6-க்குப் பிறகு

ஞானியர் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைவுகூரும் திருக்காட்சித் திருநாளான ஜனவரி 6-ஐ ஒட்டி அலங்காரங்களை இறக்குவது பல நாடுகளில் வழக்கம். உப்பு மாவுப் பொருள்களை ஒவ்வொன்றாக மெல்லிய தாளில் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பனித்துகள்களைக் கனமான புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே வைக்கலாம். உலர்ந்த ஆரஞ்சு வில்லைகள் வளைந்திருந்தாலோ பூசணத்தின் அறிகுறி தெரிந்தாலோ தயங்காமல் எறிந்துவிடுங்கள். அவற்றை அடுத்த ஆண்டு புதிதாகச் செய்துகொள்ளலாம். டப்பாவை மூடுமுன், எந்த வேலையை எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், எது நேரத்துக்குக் காயவில்லை என்று ஒரு சீட்டில் எழுதி, டப்பாவைத் திறந்தவுடன் கண்ணில் படும்படி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.